ஜொனாதன் தர்ஸ்டன்: பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பிய பிறகு

பிரிஸ்பனில் வசிக்கும் ஒரு அம்மா கேட்ட கேள்வி இது: "என் மகனுக்கு 14 வயது. ஜூனியர் ரக்பி லீக் ஆடுகிறான். 7-ஆம் நம்பர் சட்டை. ஹாஃப்பேக் என்கிறான், ப்ளேமேக்கர் என்கிறான். எனக்கு அந்த ஆட்டத்தில் ஆனா ஆவன்னா தெரியாது. சுவரில் ஜொனாதன் தர்ஸ்டன் படத்தை ஒட்டி வைத்திருக்கிறான். அவர் அப்படி என்னதான் செய்தார்? என் பையன் வயசுக்கு ஆள் சின்னவன். இதை நம்பி ஒரு வாழ்க்கை அமையுமா?"

கடைசிக் கேள்விதான் உங்கள் மனதை அரிக்கிறது என்று புரிகிறது. அதற்குக் கட்டாயம் வருகிறேன். ஆனால் ஆட்டம் புரியாமல் தர்ஸ்டன் புரியமாட்டார், தர்ஸ்டன் புரியாமல் உங்கள் மகன் எதன்மேல் ஆசைப்படுகிறான் என்பதும் புரியாது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ரக்பி என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு குடும்பங்கள் உண்டு. இலங்கைப் பள்ளிக்கூடங்களில் ஆடுவது யூனியன், அணிக்கு 15 பேர். உங்கள் மகன் ஆடுவது லீக், அணிக்கு 13 பேர். 1895-இல் வட இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய கிளப்கள் தாய் அமைப்பை விட்டுப் பிரிந்து போனார்கள். சண்டை கூலியைப் பற்றியது. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். அந்த நட்டத்தைக் கிளப் ஈடுகட்டலாமா கூடாதா என்பதுதான் வழக்கு. ஆக, இதை நம்பிப் பிழைக்க முடியுமா என்று நீங்கள் கேட்டிருப்பது இந்த ஆட்டத்தோடு கூடப் பிறந்த கேள்வி.

விதிகள் சுருக்கமாக: 80 நிமிட ஆட்டம். பந்தைக் கையால் முன்னால் எறியக்கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். காலால் முன்னால் உதைக்கலாம். எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் 'ட்ரை', 4 புள்ளி. அதன்பின் இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. இந்த உதையை ட்ரை விழுந்த இடத்துக்கு நேர் பின்னாலிருந்துதான் எடுக்க வேண்டும். நடுவில் ட்ரை விழுந்தால் உதை சுலபம். மூலையில் விழுந்தால் ஓரக்கோட்டில் நின்று, ஊசியில் நூல் கோப்பதைப் போல உதைக்க வேண்டும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டு முறை வரும். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தரையில் போட்டு, அது எழும்பும் நொடியில் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 'ஃபீல்டு கோல்', பொதுவாக 1 புள்ளி.

ஒரு அணிக்குப் பந்து கிடைத்தால் ஆறு டேக்கிள்வரை வைத்திருக்கலாம். பந்து வைத்திருப்பவரை மடக்கிக் கீழே தள்ளினால் ஒன்று. அவர் எழுந்து, பந்தைக் காலால் பின்னால் உருட்டிவிட்டு, ஆட்டம் தொடரும். ஆறாவது முறை மடக்கிவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஐந்து முடிந்ததும் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள்.

பிரிஸ்பனுக்கு வந்த புதிதில் நான் ஒரு கிடங்கில் வேலை பார்த்தேன். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய பெரியவர் ஒருவர் டவுன்ஸ்வில்காரர். சாப்பாட்டு அறை டிவியில் ஆட்டம் ஓடும்போது நான் பந்து போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னார்: "பந்தைப் பார்க்காதே. பந்து கையில் இல்லாதபோது 7 எங்கே நிற்கிறான் என்று பார்." அன்றிலிருந்துதான் எனக்கு இந்த ஆட்டம் தெரிய ஆரம்பித்தது. அதனால் உங்களையும் அங்கேயே நிறுத்துகிறேன்.

உங்கள் மகனின் அணிக்குத் தன் கோட்டுக்குப் பக்கத்தில் பந்து கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று டேக்கிளில் பெரிய உடம்புக்காரர்கள் பந்தை வாங்கி நேராக முட்டுவார்கள். பத்து மீட்டர், இன்னொரு பத்து மீட்டர். அப்போது 7 சும்மா நடந்துகொண்டிருப்பதுபோல் தெரியும். உண்மையில் அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான். எதிரணியில் யார் மூச்சு வாங்குகிறார்கள், யார் இன்னும் தரையிலிருந்து எழவில்லை, அவர்கள் வரிசையில் இடது பக்கம் எத்தனை பேர், வலது பக்கம் எத்தனை பேர், பின்னால் உதைக்காகக் காத்திருப்பவன் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறான். கை காட்டுகிறான், கத்துகிறான். நாலாவது டேக்கிளில் பந்து மைதானத்தின் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை இரண்டாவதிலேயே தீர்மானித்துவிடுகிறான், ஏனென்றால் ஐந்தாவதில் உதைக்க அந்தக் கோணம் அவனுக்குத் தேவை. முட்டுகிறவர்கள் உழைப்பாளிகள். அந்த உழைப்பை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று முடிவு செய்பவன்தான் ப்ளேமேக்கர். 7 போட்ட ஹாஃப்பேக்கும் 6 போட்ட ஃபைவ்-எய்த்தும் இந்தப் பொறுப்பைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். 9 போட்ட ஹுக்கரும் 1 போட்ட ஃபுல்பேக்கும் துணைக்கு.

எதிரணியின் கோட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டால் வேலை மாறும். ஹாஃப்பேக் பந்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, வரிசையாக நிற்கும் எதிராளிகளை நோக்கி ஓடுவான். அவனுக்கு முன்னால் ஒருவன் குறுக்கே பாய்வான், பந்து தனக்குத்தான் வரப்போகிறது என்பதுபோல. அவன் முதுகுக்குப் பின்னால் இன்னொருவன் அகலமாகச் சுற்றி வருவான். எதிரே நிற்பவன் முன்னால் பாய்பவனைப் பிடிக்க நகர்ந்தால் பின்னால் வருபவனுக்குப் பந்து. நகராமல் நின்றால் முன்னால் பாய்பவனுக்கே பந்து. இரண்டுக்கும் நடுவே தடுமாறினால் ஹாஃப்பேக் தானே உள்ளே நுழைந்துவிடலாம். எதிராளியின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்த பிறகே பந்தை விட வேண்டும். சீக்கிரம் விட்டால் யாரும் ஏமாறமாட்டார்கள். கடைசி நொடிவரை வைத்திருந்தால் ஏமாறுவார்கள், ஆனால் பந்து கையை விட்டுப் போன அடுத்த கணம் நூறு கிலோ ஆள் ஒருவர் விலாவில் வந்து மோதுவார். அந்த மோதல் வரும் என்று தெரிந்தே கடைசி நொடிவரை காத்திருப்பதுதான் இந்த வேலையின் விலை. தர்ஸ்டனின் கையெழுத்து அதுதான். பந்தைக் கொடுத்துவிட்டு அடி வாங்கித் தரையில் கிடப்பார், அவர் கொடுத்த பந்து மூலையில் ட்ரையாகியிருக்கும்.

இனி அவர் கதை. 1983 ஏப்ரல் 25 அன்று பிரிஸ்பனில் பிறந்தவர். வளர்ந்தது சன்னிபேங்க் ஹில்ஸ். நீங்கள் காய்கறி வாங்கப் போகும் பகுதியாகக்கூட இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளில் ஒன்றான குங்காரி மக்களைச் சேர்ந்தவர். டூவூம்பாவில் செயின்ட் மேரிஸ் கல்லூரியில் படித்தார். ஆள் ஒல்லி. பல கிளப்கள் பார்த்துவிட்டு, இந்த உடம்பு தாங்காது என்று விட்டுவிட்டன. உங்கள் மகனைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்களோ அதே பேச்சுதான். கடைசியில் சிட்னியின் கான்டர்பரி புல்டாக்ஸ் அழைத்தது, அதுவும் பெரிதாகக் காசு இல்லாத ஒப்பந்தத்தில். 2002-இல் முதல் தர ஆட்டத்தில் இறங்கினார்.

அங்கே அவர் இடத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தது. 7-இல் பிரென்ட் ஷெர்வின், 6-இல் பிரெய்த் அனாஸ்டா. இருவருமே நன்றாக ஆடிக்கொண்டிருந்தார்கள். தர்ஸ்டன் உள்ளே வருவார், வெளியே போவார். 2004-இல் புல்டாக்ஸ் இறுதிப் போட்டிக்குப் போனது. அதற்கு முன் கேப்டன் ஸ்டீவ் பிரைஸுக்கு முழங்காலில் காயம். அதனால் காலியான இடத்தில்தான் தர்ஸ்டனுக்கு மாற்று வீரராக வாய்ப்பு வந்தது. சிட்னி ரூஸ்டர்ஸை 16-13 என்று வென்றார்கள். வெற்றி பெற்ற வீரர்களுக்கு மோதிரம் கொடுப்பார்கள். 21 வயதுப் பையன் தன் மோதிரத்தைக் கழற்றி, ஆட முடியாமல் போன கேப்டனிடம் கொடுத்துவிட்டார். இப்படியொரு மோதிரம் இனி தனக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத வயது அது. பதினோரு வருடம் கழித்துத்தான் அடுத்தது வந்தது.

2005-இல் வடக்கே, டவுன்ஸ்வில்லுக்குப் போனார். நார்த் குயின்ஸ்லாந்து கௌபாய்ஸ். பிரிஸ்பனிலிருந்தே 1,300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் வெயில் நகரம். அணி தொடங்கியது 1995-இல், அந்த முதல் வருடமே கடைசி இடம். பெரிய பெயர் எடுக்க நினைக்கும் இளம் வீரர் சிட்னியை விட்டு அங்கே போவது அன்றைக்கு எல்லோருக்கும் விளங்கிய முடிவு இல்லை. ஆனால் அங்கே 7-ஆம் நம்பர் சட்டை அவருக்காகக் காத்திருந்தது. ப்ளேமேக்கருக்கு அதுதான் முக்கியம். மற்ற இடத்துக்காரர்கள் பாதி ஆட்டம் ஆடியும் வளரலாம். ஆட்டத்தை நடத்துபவர் வாரா வாரம் நடத்தித்தான் கற்க முடியும், தப்பு செய்தாலும் அடுத்த வாரமும் அவர்தான் என்று யாராவது நம்ப வேண்டும். கௌபாய்ஸ் நம்பியது. முதல் வருடத்திலேயே அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கான டாலி எம் விருதை வாங்கினார், அணியை அதன் முதல் இறுதிப் போட்டிக்கும் கொண்டுபோனார். அதில் வெஸ்ட்ஸ் டைகர்ஸிடம் 30-16 என்று தோற்றார்கள்.

அதே 2005-இல் குயின்ஸ்லாந்து அணிக்காக ஸ்டேட் ஆஃப் ஆரிஜினில் முதல் ஆட்டம். பிரிஸ்பன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்துக்கும் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கும் நடுவே வருடா வருடம் மூன்று ஆட்டங்களாக நடக்கும் தொடர் இது. இந்த ஊரில் அது திருவிழா. உங்கள் மகன் அந்த இரவுகளில் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அறிமுக ஆட்டத்தில், 20-19 என்று பின்தங்கியிருக்கும்போது, கடைசி நிமிடங்களில் ஃபீல்டு கோல் அடித்துச் சமன் செய்தது தர்ஸ்டன். கூடுதல் நேரத்தில் மேட் போவன் ஓடிப்போய் ட்ரை போட, 24-20 என்று குயின்ஸ்லாந்து வென்றது. அந்தத் தொடரை நியூ சவுத் வேல்ஸ்தான் எடுத்தது. அதற்கடுத்த எட்டுத் தொடர்களும், 2006 முதல் 2013 வரை, குயின்ஸ்லாந்துக்கு. டாரன் லாக்யர், கேமரன் ஸ்மித், பில்லி ஸ்லேட்டர், கூப்பர் க்ராங்க் என்று பக்கத்தில் நின்றவர்களும் மலைகள்தான். லாக்யர் ஓய்வு பெற்ற பிறகு தர்ஸ்டன் 6-க்கு நகர்ந்து க்ராங்க்குக்கு 7-ஐ விட்டுக்கொடுத்து ஆடினார். 2005 முதல் 2016 வரை ஒரு ஆரிஜின் ஆட்டம்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து 36. எல்லோரும் குறிவைத்து மோதும் இடத்தில் ஆடுபவருக்கு இது சாதாரண எண் இல்லை.

ஆனால் கிளப் ஆட்டத்தில் காலம் அவரைப் பாடாய்ப் படுத்தியது. 2013 நாக்அவுட்டில் க்ரோனுல்லா அணியிடம் 20-18 என்று தோற்றார்கள். எதிரணியின் ஒரு ட்ரை ஏழாவது டேக்கிளில் வந்தது. ஆறுதான் அனுமதி. நடுவர்கள் எண்ணுவதில் தவறிவிட்டார்கள். 2014-இல் ரூஸ்டர்ஸுக்கு எதிராக 30-0 என்று பின்தங்கி, அங்கிருந்து 30-30 வரை ஏறி வந்தார்கள். நான் பார்த்த மீட்சிகளில் அதற்கு ஈடு இல்லை. பிறகு ஜேம்ஸ் மலோனியின் ஒரு ஃபீல்டு கோல், 31-30. கடைசி நேரத்தில் தர்ஸ்டன் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தார். அதற்கு முன் நடந்த ஒரு தவறுக்காக அது செல்லாது என்றார்கள். அந்த வருடமும் டாலி எம் அவருக்கு, ஜாரிட் ஹேனோடு பகிர்ந்து. விருது வீட்டுக்கு வரும், கோப்பை வராது.

இப்போது 2015 அக்டோபர் 4. உங்கள் மகன் இதை மனப்பாடமாகச் சொல்வான், ஆனாலும் நானும் சொல்கிறேன். இறுதிப் போட்டியில் இரண்டு அணியுமே குயின்ஸ்லாந்து: பிரிஸ்பன் பிராங்கோஸ், நார்த் குயின்ஸ்லாந்து கௌபாய்ஸ். கேப்டன்கள் தர்ஸ்டனும் ஜஸ்டின் ஹாட்ஜஸும், இருவரும் ஆதிக்குடியினர். சிட்னி மைதானத்தில் 82,758 பேர். நாங்கள் பிரிஸ்பனில் ஒரு வீட்டின் பின்கட்டில் கூடியிருந்தோம். பார்பெக்யூ அடுப்பு அணைந்து கரி நாற்றம். கூட்டம் முழுக்க பிராங்கோஸ் ஆட்கள். அந்த ஃபோர்க்லிஃப்ட் பெரியவர் மட்டும் சுவரோரம் நின்றார், உட்காரவே இல்லை.

பிராங்கோஸ் 16-12 முன்னிலை. கடைசி வினாடிகள், கடைசி டேக்கிள். தர்ஸ்டன் பந்தை மைக்கேல் மோர்கனிடம் கொடுத்தார். மோர்கனைச் சுற்றி வளைத்தார்கள். அந்தப் பிடிக்குள்ளிருந்தே பந்தைப் பின்னால் தட்டிவிட்டார். கைல் ஃபெல்ட் வாங்கி வலது மூலையில் விழுந்தார். 16-16. இனி உதை. மூலை ட்ரை, அதனால் ஓரக்கோட்டிலிருந்து. நேரம் முடிந்துவிட்டது. உள்ளே போனால் கௌபாய்ஸின் முதல் கோப்பை, இருபது வருடக் காத்திருப்பு முடிந்தது. தர்ஸ்டன் பந்தை நிறுத்தினார், பின்னால் நடந்தார், ஓடி வந்து உதைத்தார். பந்து வளைந்து வளைந்து உள்ளே வந்து, வலது கம்பத்தில் அடித்துத் திரும்பியது.

எங்கள் பின்கட்டில் கூச்சல். நான் பெரியவரைத்தான் பார்த்தேன். அவர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

அடுத்தது கோல்டன் பாயின்ட். முதலில் யார் ஒரு புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. கௌபாய்ஸ் உதைத்துத் தொடங்கினார்கள். உயரமாக வந்த பந்து பிராங்கோஸ் ஹாஃப்பேக் பென் ஹண்டின் கைக்கு வந்து நழுவியது. இப்போது பந்து கௌபாய்ஸிடம், எதிரணிக் கோட்டுக்குப் பக்கத்தில். பெரியவர் அப்போதுதான் வாய் திறந்தார்: "பார், அவன் எங்கே நிற்கிறான்." பெரிய ஆட்கள் நடுவில் முட்டிக்கொண்டிருந்தார்கள். தர்ஸ்டன் அவர்களுக்குப் பின்னால், கம்பங்களுக்கு நேரே, பத்துப் பன்னிரண்டு அடி ஆழத்தில் தனியாக நின்றார். சில நிமிடங்களுக்கு முன் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய உதையைத் தவறவிட்டவர், அடுத்த உதையும் எனக்குத்தான் என்று இடம் பிடித்து நின்றார். பந்து வந்தது. தரையில் விட்டார், உதைத்தார். 17-16.

ஆட்டநாயகனுக்கான க்ளைவ் சர்ச்சில் பதக்கமும் அவருக்கே. பிறகு தன் சின்ன மகளை மைதானத்துக்குள் தூக்கி வந்தார். குழந்தையின் கையில் கறுத்த நிறப் பொம்மை ஒன்று. அந்தப் படத்தை ஆஸ்திரேலியா முழுக்கப் பார்த்தது. கடைகளில் எங்கு பார்த்தாலும் வெள்ளைப் பொம்மையே கிடைக்கும் நாட்டில், நம் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு அந்தப் படம் என்ன சொல்லும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் மகன் அந்தப் படத்தை ஒட்டியிருப்பது எந்தக் காரணத்துக்காக என்று எனக்குத் தெரியாது. நான் ஒட்டியிருந்தால், கம்பத்தில் பட்ட பந்துக்கும் உள்ளே போன பந்துக்கும் நடுவே அவர் போய் நின்ற அந்த இடத்துக்காக ஒட்டியிருப்பேன். பாஸ் கொடுப்பதைக் கற்றுத்தரலாம், உதைப்பதைக் கற்றுத்தரலாம். தவறியவுடன் மறுபடி பந்தைக் கேட்கும் மனம்தான் இந்தத் தொழிலின் சரக்கு. பல நல்ல கைகாரர்கள் அது இல்லாமல் இரண்டு மூன்று வருடத்தில் காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தப்புக்குப் பிறகு அவர்கள் பந்தைப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு நொடி முன்னதாகவே கொடுக்க ஆரம்பிப்பார்கள். ஸ்கோரில் அது தெரியாது. பெரியவரைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

உடம்பு கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும், நீங்கள் தாய். ப்ளேமேக்கரைக் களைப்படையச் செய்ய எதிரணி வேண்டுமென்றே பெரிய ஆட்களை அவர் பக்கமாக ஓடவிடும். அவர் தடுத்து விழ வேண்டும், எழ வேண்டும், பிறகு மூளை தெளிவாக முடிவெடுக்க வேண்டும். தர்ஸ்டனின் தோள் 2017-இல் போயிற்று. அந்த வருட ஆரிஜினின் முதல் ஆட்டத்தில் அவர் இல்லை, குயின்ஸ்லாந்து 28-4 என்று நசுங்கியது. இரண்டாவதுக்கு சிட்னிக்குத் திரும்பி வந்தார். ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே அந்தத் தோள் மறுபடி பழுதானது. வெளியே போகவில்லை. 77-ஆவது நிமிடத்தில் வாலன்டைன் ஹோம்ஸ் ட்ரை போட்டு 16-16. உதை ஓரத்திலிருந்து. ஒரு கை சரியாகத் தூக்க வராத நிலையில் உதைத்தார், இந்த முறை கம்பத்துக்கு உள்ளே. 18-16. அதுவே அவருடைய 37-ஆவது, கடைசி ஆரிஜின் ஆட்டம். மூன்றாவது ஆட்டத்தையும் வென்று தொடரைக் குயின்ஸ்லாந்து எடுத்தபோது அவர் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு வெளியே இருந்தார். தோளில் அறுவை சிகிச்சை, அந்த சீசன் முடிந்தது. அதே வருடம் கௌபாய்ஸ் அவர் இல்லாமலே இறுதிப் போட்டிவரை போய் மெல்பர்ன் ஸ்டார்மிடம் தோற்றது. 2018-இல் ஒரு வருடம் ஆடிவிட்டு விடைபெற்றார். அந்தக் கடைசி வருடத்தில் அணி 13-ஆவது இடம். பெரிய ஆட்டக்காரர்களுக்கும் முடிவு எப்போதும் கோப்பையோடு வருவதில்லை.

கணக்கு: முதல் தர ஆட்டங்கள் 323, அதில் 294 கௌபாய்ஸுக்கு. ஆஸ்திரேலியாவுக்காக 38 டெஸ்ட் (சர்வதேச ஆட்டம்), 2013 உலகக் கோப்பை. டாலி எம் நான்கு: 2005, 2007, 2014, 2015. முதல் விருது 22 வயதில், கடைசி விருது 32-இல். இந்த இடைவெளிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கால் வேகம் குறைந்த பிறகும் ஆட்டத்தின் மேல் பிடி கூடிக்கொண்டே போனது. மைதானத்தின் ஓரத்தில், விங்கில், ஓடுபவர்களுக்கு இந்த வரம் இல்லை.

வெளியே அவர் செய்ததும் சின்ன விஷயம் இல்லை. ஆட்டம் முடிந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றி, கூட்டத்தில் நிற்கும் ஏதாவது ஒரு குழந்தையிடம் கொடுத்துவிட்டுப் போவார். வென்றாலும் தோற்றாலும். இளைஞர்களின் படிப்புக்கும் வேலைக்குமாக உழைத்தார். 2017-இல் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்தின் மனித உரிமைப் பதக்கம் கொடுத்தார்கள்.

சரி, உங்கள் கடைசிக் கேள்வி. முதல் தர கிளப்கள் மோதும் என்.ஆர்.எல். போட்டியில் இன்று 17 அணிகள். அணிக்கு இரண்டு ப்ளேமேக்கர் இடம், ஆக மொத்தம் 34 இடங்கள். 2027-இல் பெர்த்தும் 2028-இல் பப்புவா நியூ கினியும் சேர்ந்தால் 38. ஆயிரக்கணக்கான பையன்கள் கண் வைக்கும் இடங்கள் இவை. ஒரு கிளப் தன் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, அதில் நல்ல ஹாஃப்பேக்குக்குப் பெரும் பங்கு போகும். அதனால்தான் நன்றாக ஆடாத ஹாஃப்பேக்கை நீண்ட நாள் வைத்திருக்கமாட்டார்கள். ஆக, இதை மட்டும் நம்பச் சொல்லி நான் எழுதமாட்டேன். படிப்போ ஒரு கைத்தொழிலோ பக்கத்தில் ஓடட்டும். ஆனால் ஆள் சின்னவன் என்பதற்காக இப்போதே நிறுத்தாதீர்கள். 14 வயதில் பெரிய உடம்போடு எல்லோரையும் தள்ளிக்கொண்டு போகும் பையன், மற்றவர்கள் வளர்ந்த பிறகு செய்வதறியாமல் நிற்பான். சின்னவன் அந்த வருடங்களில் வேறு வழி இல்லாமல் பார்க்கக் கற்கிறான், நேரம் கணிக்கக் கற்கிறான். அடிபட்டுத் தலை சுற்றினால் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். வெளியே வரச் சொல்லுங்கள், மருத்துவர் சொல்லும்வரை திரும்ப விடாதீர்கள், பயிற்சியாளர் என்ன சொன்னாலும் சரி.

சனிக்கிழமை மைதானத்துக்குப் போனால் அவன் கையில் பந்து இருக்கும்போது பார்ப்பதைவிட, அவன் பந்தைத் தவறவிட்ட பிறகு வரும் இரண்டு நிமிடத்தைப் பாருங்கள். ஓரமாக ஒதுங்குகிறானா, நடுவே வந்து கையைக் காட்டிப் பந்து கேட்கிறானா என்று. வீட்டுக்கு வரும்போது அதைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

பென் ஹண்டை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவரும் 7-தான். 82,758 பேர் முன்னால் பந்தை நழுவவிட்டவர், அதற்காக வருடக்கணக்கில் ஊர் வாயில் விழுந்தவர். பிரிஸ்பனை விட்டு செயின்ட் ஜார்ஜ் இல்லவாராவுக்குப் போனார். ஆடிக்கொண்டே இருந்தார். 2022-இல் தொடரைத் தீர்மானிக்கும் ஆரிஜின் ஆட்டம், பிரிஸ்பனிலேயே. கடைசி நிமிடங்களில் நியூ சவுத் வேல்ஸின் நேதன் க்ளியரி உதைத்த பந்தை மறித்து, கையில் எடுத்து, கிட்டத்தட்ட மைதானம் முழுக்க ஓடிப்போய் ட்ரை போட்டார். குயின்ஸ்லாந்து 22-12. அந்த அணியின் துணைப் பயிற்சியாளர்களில் ஒருவர் ஜொனாதன் தர்ஸ்டன். 2025-இல் ஹண்ட் பிராங்கோஸுக்கே திரும்பினார். அந்த அக்டோபரில், பந்து நழுவிய இரவுக்குப் பத்து வருடமும் ஒரு நாளும் கழித்து, இறுதிப் போட்டியில் மெல்பர்னை 26-22 என்று வென்ற அணியில் அவர் இருந்தார். வயது 35. மகனிடம் கேட்டுப்பாருங்கள், சுவரில் தர்ஸ்டன் பக்கத்தில் இன்னொரு படத்துக்கு இடம் இருக்கிறதா என்று.